சோறு ஆறுவதற்குள்: டோக்கியோவின் உயர்தர சுஷிக் கடைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

டோக்கியோவுக்கு வேலைக்கோ சுற்றுலாவுக்கோ வரும் நம் ஆட்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இதுதான்: "கின்சாவுல ஒரு நல்ல சுஷிக் கடையில ஒரு தடவையாவது சாப்பிடணும். ஆனா உள்ள போய் என்ன பண்றதுன்னுதான் தெரியல." கின்சா, டோக்கியோவின் விலையுயர்ந்த கடைப்பகுதி. அவர்கள் தயக்கம் நியாயமானது. எட்டுப் பத்துப் பேர் மட்டுமே உட்காரக்கூடிய இடம். வாசலில் விலைப்பட்டியல் இருக்காது, உள்ளே மெனு இருக்காது. கைக்கெட்டும் தூரத்தில் கத்தியோடு ஒருவர் நிற்பார். யாரும் பேசாத ஒரு பரீட்சை அறைக்குள் நுழைந்ததுபோல முதலில் தோன்றும்.

ஒரே ஒரு விஷயத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும். சுஷி என்பது பச்சை மீன் அல்ல. சுஷி என்பது சோறு. வினிகர், உப்பு கலந்து பக்குவப்படுத்திய சோறு. மீன் இல்லாத சுஷி உண்டு, சோறில்லாத சுஷி கிடையாது. வெறும் மீன் துண்டுக்கு சஷிமி என்று தனிப் பெயர். நல்ல கடையில் அந்தச் சோறு ஏறக்குறைய நம் உடம்புச் சூட்டில் உங்கள் முன்னால் வரும். அந்தச் சூடு நிற்பது கொஞ்ச நேரம்தான். கடையின் பழக்கவழக்கங்களில் பாதி அந்தச் சூட்டைக் காப்பாற்றத்தான் இருக்கின்றன. வடித்த சோற்றைச் சூடு ஆறுமுன் சாப்பிட வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் கைப்பழக்கம்

நேரே கின்சாவுக்குப் போகாதீர்கள். முதலில் இரண்டு மூன்று தடவை கைத்தென்-சுஷிக்குப் போய் வாருங்கள். தட்டுகள் சுழலும் பட்டையில் வரும் கடை அது. 1958-ல் ஒசாக்கா பக்கம் தொடங்கிய வழக்கம், இன்று ஜப்பான் முழுக்க இருக்கிறது. குடும்பத்தோடு போகலாம், குழந்தைகள் சத்தம் போடலாம், பிடிக்காததை விட்டுவிடலாம். எந்த மீன் உங்களுக்கு ஒத்துவருகிறது, எது தொண்டையில் நிற்கிறது என்பதை அங்கே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு தட்டு நூற்றுச் சொச்சம் யென்னில் கிடைக்கும் இடத்தில் கணவாய் பிடிக்கவில்லை என்று கண்டுபிடிப்பது நல்லது.

அடுத்ததாக, நின்றுகொண்டே சாப்பிடும் தாச்சிகுய் சுஷிக் கடை ஒன்றுக்குப் போங்கள். அங்கே கண்ணெதிரே ஒருவர் சுஷியைக் கையால் பிடித்துத் தருவார். நேரே கையில் வாங்கிச் சாப்பிடும் பழக்கம் வந்துவிடும்.

எந்தக் கடை, எவ்வளவு ஆகும், எப்படி இடம் பிடிப்பது

உயர்தரக் கடைகளில் நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. அதற்குப் பெயர் ஒமகாசே. "உங்கள் பொறுப்பில் விட்டுவிட்டேன்" என்று பொருள். அன்று காலை தோயோசு சந்தையில் என்ன நன்றாகக் கிடைத்ததோ அதை வைத்து சுஷி பிடிப்பவர் தீர்மானிப்பார். (பலர் இன்னும் த்சுகிஜி என்றே சொல்கிறார்கள். மொத்த மீன் சந்தை 2018 அக்டோபரில் தோயோசுவுக்கு மாறிவிட்டது. பழைய இடத்தின் வெளிப்புறக் கடைத்தெரு மட்டும் அங்கேயே இருக்கிறது.) தோயோசு ஞாயிற்றுக்கிழமையும் பல புதன்கிழமைகளும் விடுமுறை. அதனால் அந்த நாட்களில் மூடியிருக்கும் சுஷிக் கடைகள் அதிகம். பயணத் திட்டம் போடும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

கின்சா போன்ற பகுதியில் இரவுச் சாப்பாடு ஒரு ஆளுக்கு 20,000 முதல் 50,000 யென்வரை ஆகலாம். மதியம் பல கடைகளில் அதில் பாதிதான். மீனின் தரம் பெரும்பாலும் இறங்குவதில்லை. முன்னால் வரும் சிறு பதார்த்தங்கள் குறையும், உட்காரும் நேரம் ஒரு மணி நேரமாகச் சுருங்கும், அவ்வளவே. முதல்முறை போகிறவர்களுக்கு நான் எப்போதும் மதியத்தைத்தான் சொல்வேன். சொல்லியிருக்கும் விலையோடு 10 சதவீத வரி தனியாகச் சேருமா, சேவைக் கட்டணம் உண்டா என்று பதிவு செய்யும்போதே பாருங்கள்.

பேர் பெற்ற கடைகளின் பின்னால் ஓடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2007 இறுதியில் வந்த டோக்கியோவின் முதல் மிஷெலின் கையேட்டில் (உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் கையேடு) மூன்று நட்சத்திரம் வாங்கிய சுகியாபாஷி ஜிரோ என்னும் சுஷிக் கடை, 2019 இறுதியில் வந்த பதிப்பில் இல்லை. சுவை குறைந்துவிட்டது என்பதல்ல காரணம். பொதுமக்கள் யாரும் நேரடியாக முன்பதிவு செய்ய முடியாத கடையைக் கையேட்டில் சேர்ப்பதில்லை என்று எடுத்துவிட்டார்கள். தெரிந்தவர் அழைத்துப் போனால்தான் உள்ளே விடும் கடைகளும் உண்டு. டோக்கியோவில் அவற்றுக்கு வெளியே அருமையான கடைகள் தாராளம்.

தங்கும் ஹோட்டலில் வரவேற்பில் இருப்பவர்களிடம் சொன்னால் ஜப்பானிய மொழியில் பேசிப் பதிவு செய்து தருவார்கள். இணையத்தில் ஆங்கிலத்தில் பதிவு செய்யும் தளங்களும் உண்டு. ஒரு மாதம் முன்பே பாருங்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுப் பணமும் பிடித்துக்கொள்வார்கள், அது நியாயமும்கூட. எட்டு இருக்கைக்கு எட்டுப் பேருக்கான மீனைத்தான் வாங்கியிருப்பார்கள். நீங்கள் வராவிட்டால் அந்த மீனில் பலவற்றை வைத்திருந்து நாளைக்குப் போட முடியாது.

எது ஒத்துக்கொள்ளாது என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். இறால், நண்டு, முட்டை ஒவ்வாமையா, மது கலந்தால் ஆகாதா, கர்ப்பிணியா, எதுவானாலும் அப்போதே. உட்கார்ந்த பிறகு சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. சோற்றிலும் சாறுகளிலும் மிரின் (இனிப்பான சமையல் மது), சாக்கே (அரிசி மது) கலந்திருக்கலாம் என்பதை மது சேர்க்காதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சைவர்களுக்கு மனம் வருந்தாமல் ஒன்று சொல்கிறேன். இந்தக் கடைகளுக்குப் போகாதீர்கள். மீனை ஒதுக்கிவிட்டால் மிச்சமிருப்பதிலும் உலர்ந்த கத்சுவோ மீனைக் கொதிக்கவைத்த தஷி சாறு இருக்கும், முட்டை அடையிலும் பெரும்பாலும் இறாலோ மீன் சதையோ அரைத்துச் சேர்த்திருப்பார்கள். அதே பணத்தில் ஷோஜின் ரியோரி என்னும் பௌத்த மடங்களின் மரக்கறிச் சாப்பாட்டைத் தேடிப் போங்கள். கொம்பு கடற்பாசியிலும் ஷீத்தாகே காளானிலும் சாறு எடுத்துச் சமைப்பார்கள். அதற்காகவே ஜப்பான் வரலாம்.

அன்றைக்கு

வாசனை எதுவும் வேண்டாம். இதைத்தான் நம்மவர்கள் சட்டென்று மறந்துவிடுகிறார்கள். செண்ட் மட்டுமல்ல. தலையில் மல்லிகைச் சரம், ஜவ்வாது, வாசனைத் தேங்காயெண்ணெய் எல்லாமே அந்தச் சின்ன அறையில் எட்டுப் பேரின் மூக்கையும் நிறைத்துவிடும். வெள்ளை மீனின் வாசம் மிக மெல்லியது. பக்கத்தில் இருப்பவர் அதற்காகத்தான் பணம் கொடுத்து வந்திருக்கிறார்.

உடை கோட்டு சூட்டாக இருக்க வேண்டியதில்லை, சுத்தமாக இருந்தால் போதும். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் வேண்டாம். கைக்கடிகாரம், பெரிய மோதிரம், கண்ணாடி வளையல் இவற்றைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள். நீங்கள் கை வைக்கப்போகும் பலகை பெரும்பாலும் ஹினோக்கி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரம். ஒரே மரத்தில் நீளமாக அறுத்தெடுத்து, பூச்சு ஏதும் இல்லாமல், துடைத்துத் துடைத்தே வழவழப்பாக்கி வைத்திருப்பார்கள். மெத்தென்ற மரம். ஒரு வளையல் உரசினால் கோடு விழும். செல்போனையும் அதன்மேல் வைக்கக்கூடாது.

நேரத்துக்குப் போங்கள். பல கடைகளில் எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் சோற்றை எடுப்பார்கள். ஒருவர் பதினைந்து நிமிடம் பிந்தினால் எட்டுப் பேரின் சோறும் காத்திருக்க வேண்டும். ரொம்ப முன்னால் போனாலும் உள்ளே விடமாட்டார்கள். ஐந்து நிமிடம் முன்னால் வாசலில் நில்லுங்கள். நோரென் என்னும் துணித் திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது.

உள்ளே போனதும் நீங்களாக உட்காராமல் பெயர் சொல்லி நில்லுங்கள், அவர்கள் காட்டும் இருக்கையில் உட்காருங்கள். ஈரத் துணி ஒன்று சுருட்டித் தருவார்கள். கையை மட்டும் துடைக்கவேண்டும், முகம் கழுத்து வேண்டாம். ஒமகாசே என்பதால் சாப்பாட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. குடிக்க என்ன வேண்டும் என்பது மட்டுமே கேள்வியாக வரும். மது அருந்தாதவர்கள் தயங்காமல் "ஓச்சா" என்று சொல்லுங்கள். பச்சைத் தேநீர் சுடச்சுட வரும். மீன் கொழுப்பை நாக்கிலிருந்து கழுவ அதைவிட நல்லது எதுவும் கிடையாது.

சாப்பிடும் முறை

கையாலேயே சாப்பிடலாம். நம் ஆட்களுக்கு இதைச் சொல்லும்போது முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். சுஷி அரண்மனையில் பிறந்த உணவல்ல. டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், 1820-களில், ஹனாயா யோஹேய் என்பவர் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். தெருவோரத் தள்ளுவண்டிக் கடையில் வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடி எடுத்து வாயில் போட்டுக்கொண்ட சாப்பாடு அது. குச்சியால் சாப்பிடுவதும் சரிதான். ஆனால் நல்ல கையால் பிடித்த சோறு மிகத் தளர்வாக இருக்கும், குச்சியில் உடைந்துவிடும். விரல் துடைக்கத் தனியாகச் சிறு ஈரத்துணி வைத்திருப்பார்கள்.

சுஷி பிடிப்பவரின் கையைப் பாருங்கள். வலது கை மரத் தொட்டியிலிருந்து சோற்றை அள்ளும். இடது கையில் மீன் துண்டு. ஒரு விரல்நுனி வசாபியை, அதாவது காரமான பச்சை விழுதை, தடவும். இரண்டையும் சேர்த்து நாலைந்து அழுத்தம், அவ்வளவுதான். உங்கள் முன் தட்டில் வைத்த பிறகு உற்றுப் பார்த்தால் அது கொஞ்சம் அமர்ந்து இறங்கும். உள்ளே காற்று இருப்பதால் தன் பாரத்தில் தானே தணிகிறது. அது தணிந்து முடிவதற்குள் எடுத்துவிடுங்கள்.

பெருவிரல், நடுவிரலால் இரு பக்கமும் பிடித்து, ஆள்காட்டி விரலை மேலே லேசாக வைத்து, அப்படியே முழுதாக வாயில். ஒரே வாய். பாதி கடித்து மீதியைத் தட்டில் வைத்தால் சோறு உதிரும். ஒரு வாயில் அடங்காத அளவாகத் தெரிந்தால் "ஷாரி சுகுனாமே தே" என்று சொல்லுங்கள், சோற்றைக் குறைத்துத் தருவார். ஷாரி என்பது சோறு. வசாபி ஒத்துக்கொள்ளாவிட்டால் "வசாபி நுகி தே". இப்படிக் கேட்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

சோயாவில் தோய்க்க வேண்டிய வேலை இங்கே பெரும்பாலும் இல்லை. சோயாவை சாக்கே, மிரினோடு காய்ச்சி ஆறவைத்த சாற்றை அவரே தூரிகையால் பூசித்தான் வைப்பார். அல்லது உப்பும் எலுமிச்சை போன்ற ஒரு பழத்தின் சாறும் தெளித்திருப்பார். உங்கள் பக்கத்தில் சோயாக் கிண்ணம் இருந்தாலும் கேட்காமல் தோய்க்காதீர்கள். தோய்க்கச் சொன்னால், பக்கவாட்டில் சாய்த்து மீனின் நுனியை மட்டும். சோறு சோயாவைத் தொட்டால் உறிஞ்சிக்கொண்டு உடைந்துவிடும். அவர் உப்புப் பார்த்துச் செய்த கணக்கும் போய்விடும்.

பக்கத்தில் இருக்கும் இஞ்சிச் சீவல், அதாவது காரி, ஒரு சுஷிக்கும் அடுத்த சுஷிக்கும் நடுவில் வாயைச் சுத்தம் செய்யத்தான். சுஷியின் மேலே வைத்துச் சாப்பிட வேண்டாம்.

என் முதல் தடவையில் நடந்ததைச் சொல்கிறேன். உனி வந்தது, கடல் முள்ளெலியின் உள்ளிருக்கும் ஆரஞ்சு நிறப் பகுதி. சோற்றைச் சுற்றிக் கறுப்புக் கடற்பாசித் தாள், மேலே உனி. வெளிச்சம் பார்த்து, கோணம் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து முதியவர் தன்னுடையதை எடுத்துக் கடித்தார். அப்பளம் நொறுங்குவதுபோலச் சத்தம் கேட்டது. அதன் பிறகு நான் கடித்தேன். தாள் ஈரம் வாங்கி, ஊறிய தோல்போல இழுத்தது. சோறும் ஆறியிருந்தது. ஒரே கை, ஒரே சோறு, ஒரே உனி. அவர் சாப்பிட்டதை நான் சாப்பிடவில்லை. படம் வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே "ஷாஷின் ஈ தேஸ்கா" என்று கேட்டு, ஒப்புக்கொண்டால் சத்தமில்லாமல் ஒரே ஒரு படம். எதிரே நிற்பவரின் முகத்தையும் மற்ற விருந்தினர்களையும் எடுக்காதீர்கள்.

என்னென்ன வரும்

இரவென்றால் முதலில் சில சிறு பதார்த்தங்கள், பிறகு பத்து முதல் பதினைந்து நிகிரி. நிகிரி என்றால் கையால் பிடித்த சுஷி. வழக்கமாக மென்மையான சுவையில் தொடங்கிக் கனமான சுவைக்குப் போவார்கள். ஹிராமே போன்ற வெள்ளை மீன், கணவாய், பிறகு சூரை மீனின் சிவப்புச் சதை, அதன் கொழுப்புப் பகுதியான தோரோ, இறால், சிப்பி வகைகள், உனி, சால்மன் சினை, கடைசிப் பக்கம் அனாகோ என்னும் கடல் விலாங்கு, முட்டை அடை. முட்டை அடை வந்தால் முடிவு நெருங்குகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

தோரோவுக்காகத்தான் பலரும் காத்திருப்பார்கள். எடோ காலத்தில் அதை மதிப்பார் இல்லை. குளிர்சாதனம் இல்லாத நாளில் கொழுப்பு முதலில் கெட்டுவிடும். சிவப்புச் சதையைச் சோயாவில் ஊறப்போட்டு வைத்துக்கொண்டார்கள். உப்பிடுவது, வினிகரில் போடுவது, சோயாவில் ஊறவைப்பது, வேகவைப்பது எல்லாமே மீனைக் காப்பாற்றக் கண்டுபிடித்த வழிகள். இன்று குளிர்சாதனம் இருந்தும் சுவைக்காக அதே வேலையைச் செய்கிறார்கள். அதைத்தான் எடோமாயே முறை என்கிறார்கள். "அன்று பிடித்த மீன்தான் சிறந்தது" என்ற நம் கணக்கு இங்கே எப்போதும் பொருந்தாது. பெரிய சூரை மீனைப் பல நாள் பக்குவப்படுத்தித்தான் பரிமாறுவார்கள்.

நான் கவனிக்கச் சொல்வது கோஹதாவை. மத்தியோடு உறவுள்ள சின்ன மீன், வெள்ளித் தோலில் கரும்புள்ளி வரிசை. விலை மலிவு, முள் அதிகம், பச்சையாக ருசியில்லை. அதைப் பிளந்து உப்பிட்டு, கழுவி, வினிகரில் போட்டு எடுக்க வேண்டும். மீனின் பருமனும் கொழுப்பும் அன்றைய வெயிலும் பார்த்து நிமிடக் கணக்கில் மாற்ற வேண்டும். கொஞ்சம் கூடினால் ஊறுகாய், குறைந்தால் கவிச்சி. ஒரு கடையின் கை எப்படி என்று தெரிந்துகொள்ள டோக்கியோக்காரர்கள் இதைத்தான் பார்ப்பார்கள். கோடையில் போனால் இதன் குஞ்சான ஷின்கோ வரும். அவ்வளவு சிறியது, ஒரு நிகிரிக்கு இரண்டு மூன்றைச் சேர்த்து வைப்பார்கள்.

சோறு பழுப்பாக வந்தாலும் பயப்பட வேண்டாம். சாக்கே வடித்த சக்கையை நாள்பட வைத்துச் செய்யும் சிவப்பு வினிகர் கலந்தது அது. எனக்கு அந்தச் சோறுதான் பிடிக்கும். கொழுப்பு மீனுக்கு அதன் புளிப்பு ஈடுகொடுக்கிறது.

பேச்சும் கணக்கும்

எதிரே நிற்பவரோடு பேசலாம். இது என்ன மீன், எந்த ஊர் மீன் என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சந்தோஷம்தான். அவர் கை வேலையில் இருக்கும்போது நீளமான கதை வேண்டாம். சோயாவை முராசாகி என்றும் தேநீரை அகாரி என்றும் அவர்களுக்குள் சொல்லும் தொழில் சொற்களை நாம் எடுத்துப் பயன்படுத்துவது அழகாக இருக்காது. குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றாதீர்கள். தகனத்துக்குப் பிறகு எலும்பை அப்படித்தான் எடுப்பார்கள்.

முடிவில் "இன்னும் ஏதாவது?" என்று கேட்பார். பிடித்ததை இன்னொன்று கேட்கலாம், அதற்குத் தனி விலை. போதும் என்றால் "ஓகாய்கேய் ஒநெகாய்ஷிமாஸ்", அதாவது பில் கொடுங்கள். "ஓஆய்சோ" என்று சிலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அது கடைக்காரர் தரப்புச் சொல். டிப்ஸ் வைக்க வேண்டாம். வைத்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே கொண்டுவந்து கொடுப்பார்கள். அட்டை வாங்குவார்களா என்று முன்பே கேட்டுவைத்தால் அந்த நேரத்தில் தடுமாற வேண்டாம்.

தட்டு காலியானபின் வெகுநேரம் உட்கார்ந்து பேச வேண்டாம், அடுத்த வரிசைக்கு ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். எழுந்து, சுஷி பிடித்தவரைப் பார்த்து "கோச்சிசோ சாமா தேஷ்தா" என்று, சாப்பாட்டுக்கு நன்றி சொல்லுங்கள். பல கடைகளில் அவரோ உதவியாளரோ வாசல்வரை வருவார்கள். தெருமுனை திரும்பும் முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அநேகமாக இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்கள். நீங்களும் தலை தாழ்த்திவிட்டுப் போங்கள்.